சிவப்பு மணியும் அதுல இருக்கற ஓட்டையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல புவாபி ராணியோட நகைப் படத்தைப் போட்டாலும் போட்டோம், ஒரே கடிதமா வந்து குவிஞ்சிடுச்சு. பாதிப் பேர் அந்தத் தங்க இலையைப் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, மீதிப் பேர் அதுக்கு நடுவுல நடுவுல வர்ற சிவப்புக் கல்லைப் பத்தி. எனக்கு என்னமோ ரெண்டாவது கோஷ்டி மேலதான் பாசம் ஜாஸ்தி. அதனால இந்த இதழ் முழுக்க மணி, மாலை, கல்லு சமாச்சாரம்தான்.

கே: அந்தப் படத்துல இருக்கற சிவப்புக் கல்லு பவளமா மேடம்? அந்த ராணி யாரு? 'ஊர்'னு ஒரு ஊர் இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அது தமிழ் வார்த்தையா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

ப: பவளம் இல்லீங்க. பவளம் கடல்ல கிடைக்கறது. இது பூமிக்குள்ள கிடைக்கற கல்லு, கார்னீலியன்னு சொல்வாங்க, தமிழ்ல அகழாய்வு பண்றவங்க வாயில சூதுபவளம். பேர்ல பவளம் இருக்கறதாலதான் இந்தக் குழப்பமே.

ஊர்ங்கறது இன்னைக்கு இராக்கோட தெற்குப் பக்கம் இருக்கற ஒரு சுமேரிய நகரம். லியோனார்ட் வூலி அங்க 1922ல இருந்து 1934 வரைக்கும் தோண்டினார். அங்க இருந்த பெரிய இடுகாட்டுல ஒரு கல்லறை புவாபியோடது, காலம் கி.மு. 2600ஐ ஒட்டி. அவங்க பேர் எப்படி தெரிஞ்சுதுன்னா, உடம்புப் பக்கத்துலயே லாபிஸ் லாசுலிங்கற நீலக்கல்லுல செஞ்ச உருளை முத்திரை ஒண்ணு இருந்துச்சு, அதுல பேர் வெட்டியிருக்கு. அந்தக் காலத்துப் பொம்பளைங்க முத்திரையில பெரும்பாலும் இன்னாரோட மனைவின்னு இருக்கும், இவங்க முத்திரையில புருஷன் பேரே இல்ல, ராணின்னு பட்டம் மட்டும்தான். தலையில தங்க இலை மாலை, பின்னால தங்கப்பூ வச்ச சீப்பு, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் சரம் சரமா தொங்கற மணிகள், தங்கம், வெள்ளி, நீலக்கல்லு, சூதுபவளம் எல்லாம் கலந்து. இப்ப அது அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா நகரத்துல பென் மியூசியத்துல இருக்கு.

அந்த நீலக்கல்லு ஆப்கானிஸ்தான்ல படக்‌ஷான் மலையில சார்-இ-சங்குங்கற சுரங்கத்துப் பக்கம் இருந்து வந்தது. சிவப்புக் கல்லு நம்ம சிந்துவெளி, குஜராத் பக்கம். இராக்ல இந்த ரெண்டு கல்லுமே கிடையாது, ஒரு கழுத்துல மாலையா சேர்றதுக்குள்ள மலையும் கடலும் தாண்டி வந்திருக்கு. சுமேரிய, அக்காடிய எழுத்துகள்ல மெலுஹாங்கற நாட்டுல இருந்து சூதுபவளம் வருதுன்னு இருக்கு, அக்காட் நாட்டு ராஜா சார்கோன் மெலுஹா கப்பல் என் துறையில வந்து நிக்குதுன்னு பெருமையா எழுதி வச்சிருக்கார். மெலுஹான்னா சிந்துவெளிதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ஊர்ங்கற பேருக்கும் நம்ம வார்த்தைக்கும் சத்தம் ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான். சத்தம் ஒத்துப்போறதை மட்டும் வச்சு உறவு கொண்டாட முடியாது. ஆனா அந்தச் சிவப்பு மணி இருக்கே, அது கையில பிடிச்சுப் பார்க்கற மாதிரியான உறவு, அதைக் கொண்டாடுவோம்.

இன்னொண்ணு சொல்லிடறேன், மனசுல ரொம்ப நாளா நிக்கற விஷயம். அதே இடுகாட்டுல பெரிய மரணக் குழின்னு ஒண்ணு இருக்கு, 74 பேர், அதுல 68 பேர் பொண்ணுங்க, எல்லாரும் நகை போட்டு வரிசையா கிடந்தாங்க. தலையில ரிப்பன் கட்டியிருந்தாங்க. ஒரே ஒரு பொண்ணு தலையில மட்டும் ரிப்பன் இல்ல, இடுப்புப் பக்கத்துல வெள்ளி ரிப்பன் சுருட்டினது சுருட்டினபடியே இருந்துச்சு. கட்டிக்க நேரம் இல்லாம அவசரமா வந்திருப்பாளோன்னு வூலி நினைச்சார். அந்த ரிப்பனை மட்டும் யாராவது எடுத்துட்டு வந்து கடையில வித்திருந்தா அது வெறும் வெள்ளிச்சுருள். கிடந்த இடத்துலயே பார்த்ததாலதான் அதுக்குப் பின்னால ஒரு பொண்ணு இருந்தான்னு நமக்குத் தெரியுது.

கே: நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். கார்னீலியன் கடினத்தன்மை 10க்கு 7ன்னு படிச்சேன், இரும்பே புழக்கத்துல இல்லாத காலத்துல அவ்வளவு நீளமான மணியில எப்படி நேரா ஓட்டை போட்டாங்க? செம்பு டிரில்ல முடியுமா? (ஒரு மாணவர், சென்னை)

ப: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாளா காத்துட்டு இருந்தேன். எல்லாரும் மணியோட பளபளப்பைப் பார்க்கறாங்க, நீங்க ஓட்டையைப் பார்த்திருக்கீங்க.

முதல்ல கல்லைப் பத்தி. குஜராத்துல ரத்தன்பூர் பக்கம் தோண்டி எடுக்கும்போது இந்தக் கல்லு சிவப்பா இருக்காது, மங்கலா பழுப்பா சாம்பலா இருக்கும், ரோட்டோரம் கிடந்தா நாம தாண்டிப் போயிடுவோம். அதை மாசக்கணக்குல வெயில்ல காய வச்சு, பானைக்குள்ள போட்டு, வறட்டி, உமி மாதிரி மெதுவா எரியற தீயில சுட்டு எடுப்பாங்க, கல்லுக்குள்ள இருக்கற இரும்புச்சத்து சூட்டுல மாறி சிவப்பு ஏறும். ஒரு தடவையில ஏறாது, திரும்பத் திரும்ப சுடணும். அவசரப்பட்டு சூடு ஏத்தினா கல்லு வெடிச்சிடும்.

அப்புறம் செதுக்கறது. அதே குஜராத்துல கம்பாத் ஊர்ல இன்னைக்கும் பண்ற முறை என்னன்னா, தரையில ஒரு கூரான இரும்புக் கம்பியை நட்டு வச்சு, கல்லை அந்த முனை மேல பிடிச்சுக்கிட்டு, கொம்பு முனை வச்ச லேசான சுத்தியல்ல மறுபக்கம் தட்டறது. அடி ஒரு பக்கம், சில்லு தெறிக்கறது இன்னொரு பக்கம், கம்பி முனை தொட்ட இடத்துல. சிந்துவெளிக்காரங்க இரும்புக்குப் பதிலா செம்பு முனை வச்சிருக்கலாம்னு சொல்றாங்க.

இப்ப துளைக்கு வருவோம். வெறும் செம்பு அந்தக் கல்லு மேல வழுக்கிக்கிட்டு போகும், நீங்க சந்தேகப்பட்டது சரிதான். அவங்க டிரில் முனையே கல்லு! சன்ஹுதாரோன்னு சிந்துல ஒரு இடம், 1935-36ல எர்னஸ்ட் மேக்கே தோண்டினார், அங்க மணிப் பட்டறையில பச்சையும் பழுப்பும் கலந்த சின்னச் சின்னக் கல் ஊசி நிறைய கிடைச்சுது. ரொம்ப கெட்டியான அபூர்வமான கல்லு, பிற்பாடு அவர் பேரையே வச்சு எர்னஸ்டைட்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அந்த ஊசியை ஒரு குச்சி நுனியில சொருகி, குச்சியில வில்லோட நாணைச் சுத்தி, வில்லை முன்ன பின்ன இழுத்தா குச்சி சுத்தும். தயிர் கடையற மத்து சுத்தற மாதிரியேதான். மணியை மரக்கட்டையில இறுக்கி வச்சுக்கிட்டு, சூடு ஏறாம இருக்க சொட்டு சொட்டா தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும்.

ஜோனதன் மார்க் கெனோயர்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஹரப்பாவுல வருஷக்கணக்கா வேலை பார்த்தவர், அதே மாதிரி டிரில் பண்ணி சோதிச்சுப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை மில்லிமீட்டர் போச்சு. கணக்குப் போட்டுக்கோங்க, 10 செ.மீ. நீள மணின்னா ஓட்டைக்கு மட்டும் 40 மணி நேரம், அதுவும் கை நிக்காம. கராச்சி பக்கத்துல அல்லாதினோங்கற சின்ன ஊர்ல 36 நீள மணி கோர்த்த மேகலை ஒண்ணு கிடைச்சுது, அந்த மாதிரி ஒண்ணு பண்ண 480 நாள் வேலைக்கு மேல ஆகும்னு அவர் கணக்கு சொல்றார். ஒரு ஒட்டியாணத்துக்கு! ராணி தலையில இருந்த தங்க இலை இருக்கே, அது தகடா அடிச்சு வெட்டினது, கெட்டுப்போனா உருக்கி திரும்ப அடிச்சுக்கலாம். நாப்பதாவது மணி நேரத்துல ஒரு சூதுபவள மணி விரிசல் விட்டா அவ்வளவுதான், அதுவரைக்கும் போட்ட உழைப்பு போச்சு. அதனால அந்தப் படத்துல தங்கத்தை விட விலை ஒசந்தது எதுன்னு என்னைக் கேட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு சிவப்பைத்தான் காட்டுவேன்.

இன்னொரு அழகு, துளையை ஒரே பக்கமா போட மாட்டாங்க. இந்தப் பக்கம் பாதி, திருப்பி அந்தப் பக்கம் பாதி. நடுவுல ரெண்டும் சந்திக்கற இடத்துல ஒரு மயிரிழை விலகியிருக்கும், சின்னப் படி மாதிரி. கண்ணுக்குத் தெரியாத எடத்துல ரெண்டு பக்கமும் போய் சேர்த்த மனுஷனோட கை அங்க இருக்கு.

வாங்க முடியாதவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, களிமண்ல அதே மாதிரி நீள மணி பண்ணி, சுட்டு, சிவப்பு பூசிக்கிட்டாங்க. ஹரப்பாவுலயும் மொஹெஞ்சதாரோவுலயும் அது கிடைச்சிருக்கு. கவரிங் நகை நேத்து வந்ததுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் நானு.

மொஹெஞ்சதாரோவுல கிடைச்ச சூதுபவள மேகலையோட கதையையும் சொல்லணும். 1947ல நாடு பிரிஞ்சப்ப மியூசியம் சாமானையும் பாகம் பிரிச்சாங்க, அந்த மேகலையை முழுசா ஒரு பக்கம் கொடுக்க மனசு வராம மணியைப் பிரிச்சு இந்தியாவுக்குக் கொஞ்சம் பாகிஸ்தானுக்குக் கொஞ்சம்னு எடுத்துக்கிட்டாங்க. நாலாயிரம் வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள ஒண்ணா கிடந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், இப்பவும் எரியுது.

கே: அக்கா, எங்க தோட்டத்துல உழும்போதும் மழை பெஞ்சு முடிஞ்சப்பறமும் சிவப்பும் வெள்ளையுமா சின்னச் சின்ன மணி கிடைக்குதுங்க. டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். பழசுங்களா? எங்க மாமியார்கிட்ட ஒரு சிவப்புக் கல்லு மாலையும் இருக்கு, அதுவும் அந்தக் காலத்ததுன்னு சொல்றாங்க. வச்சுக்கலாமா? (ஒரு வாசகி, காங்கேயம்)

ப: அம்மணி, நீங்க எந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியுமோ தெரியாதோ. உங்க பக்கத்துல படியூர், உலகத்துக்கே பெரில்ங்கற ரத்தினக் கல்லு கொடுத்த இடம். கொஞ்சம் தள்ளி நொய்யல் கரையில கொடுமணல், பதிற்றுப்பத்துல கொடுமணம்னு பேர் வர்ற அதே ஊரு, அங்க இருந்து வர்ற அருமையான நகைகளைப் பத்திப் பாட்டுலயே இருக்கு. 1985ல இருந்து அங்க அகழாய்வு நடந்திருக்கு, குவார்ட்ஸ், பெரில், சஃபையர், சூதுபவளம், அகேட்டுன்னு எல்லாக் கல்லும் கிடைச்சுது. முடிஞ்ச மணி மட்டும் இல்லீங்க, வெட்டாத கல்லு, பாதி செதுக்கினது, துளை போடாதது எல்லாமே. ஊரே ஒரு பட்டறையா இருந்திருக்கு. ஒரே ஒரு ஈமச்சின்னத்துல இருந்து ரெண்டாயிரத்துக்கு மேல சூதுபவள மணி எடுத்தாங்க. யாருக்கு அவ்வளவு ஆசையா வச்சு அனுப்பினாங்களோ.

அதனால உங்க தோட்டத்து மணி பழசா இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. தயவு செஞ்சு இதைக் கேளுங்க. கிடைச்சதை எந்த எடத்துல, எவ்வளவு ஆழத்துல, பக்கத்துல கருப்பு சிவப்பு பானை ஓடு ஏதாவது கிடந்துச்சான்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, மண்ணோட ஒரு ஃபோட்டோ எடுங்க, மேற்கொண்டு தோண்டாதீங்க. தாசில்தார் ஆபீஸ்லயோ தொல்லியல் துறையிலயோ சொல்லுங்க. 1878ல போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுக்குள்ள இருந்து பத்து ரூபா மதிப்புக்கு மேல எது கிடைச்சாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். பயந்துக்க வேண்டாம், ஒளிச்சு வச்சாத்தான் தப்பு. யாராவது வந்து டப்பாவோட விலை பேசினா மட்டும் கொடுத்துடாதீங்க, கொடுத்துட்டா அது எந்த மண்ணுல கிடைச்சுதுங்கற கதையே அழிஞ்சு போயிடும்.

நான் காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு அகழாய்வுல சல்லடை பிடிக்கற வேலை பார்த்தேன். நாள் பூரா மண்ணு, கல்லு, மண்ணு, கல்லு. ஒரு சாயங்காலம் சல்லடையை ஆட்டிக்கிட்டே இருக்கும்போது வெயில் சாஞ்சு வந்து ஒரு எடத்துல மட்டும் சிவப்பா ஒரு பொறி. மிளகை விடக் கொஞ்சம் பெருசு. ஈரக்கையில எடுத்து வானத்துப் பக்கமா பிடிச்சேன், மாதுளை முத்து மாதிரி வெளிச்சம் உள்ள போய் வந்துச்சு. ஓட்டையில மண்ணு அடைச்சிருந்துச்சு. ஊதப்போனேன், மேற்பார்வை பார்த்த அக்கா கையைத் தட்டிவிட்டாங்க, அந்த மண்ணும் சான்றுதான், தொடாதேன்னாங்க. அந்தத் தட்டு இன்னும் மணிக்கட்டுல இருக்கு.

மாமியார் மாலைக்கு வருவோம். லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, பத்து மடங்கு காட்டறது போதும். ஓட்டையைப் பாருங்க. வாய் வட்டமா தேஞ்சு வழவழன்னு, நூல் இழுத்து இழுத்து ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தா நிறைய நாள் உடம்புல கிடந்த மணி. ரெண்டு பக்கமும் போட்டு நடுவுல சேர்ந்த ஓட்டைன்னா கை டிரில். ஊசி விட்டு அளந்த மாதிரி ஒரே அகலம், விளிம்பு கூரா இருந்தா மெஷின் வேலை. உள்ள சின்னக் குமிழி தெரிஞ்சா அது கல்லே இல்ல, கண்ணாடி. இருந்தாலும் கை டிரில்னு சொன்ன உடனே ரெண்டாயிரம் வருஷம்னு முடிவு பண்ணிடாதீங்க, நூறு வருஷத்துக்கு முந்தின கம்பாத் மாலையும் அப்படித்தான் இருக்கும். வீட்டு நகை வீட்டுல இருக்கட்டும், அதுல ஒண்ணும் தப்பில்ல. 1972ல வந்த சட்டப்படி நூறு வருஷம் தாண்டின தொல்பொருளை வெளிநாட்டுக்கு மட்டும் கொண்டு போகக் கூடாது, அமெரிக்காவுல இருக்கற மகளுக்குக் கொடுத்தனுப்பற எண்ணம் இருந்தா முதல்ல விசாரிச்சுக்கோங்க.

கே: என் பொண்ணு ஸ்கூல் புத்தகத்துல நீல நீர்யானை பொம்மை ஒண்ணு பார்த்துட்டு இது என்ன கல்லும்மான்னு கேக்கறா. (ஒரு அம்மா, மதுரை)

ப: அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கற பழைய எகிப்து பொம்மை, செல்லப்பேரு வில்லியம். மியூசியத்துக்கே செல்லப்பிள்ளை. கல்லு இல்ல, பானை மண்ணும் இல்ல, ஃபையன்ஸ். குவார்ட்ஸ் மணலை மாவா அரைச்சு, சுண்ணாம்பும் சோடா உப்பும் செம்பும் சேர்த்துப் பிசைஞ்சு உருவம் பண்ணி காய வைப்பாங்க. காயும்போது உப்பு வெளியில பூத்து வரும், சுடும்போது அது தானாவே உருகி நீலக் கண்ணாடி மாதிரி ஆயிடும், தனியா மெருகு பூச வேண்டாம். எகிப்துக்காரங்க அதுக்கு வச்ச பேரோட அர்த்தம் மினுமினுக்கறதுன்னு. உடம்பு மேல தாமரையும் நீர்ச்செடியும் வரைஞ்சிருக்கும், அது வாழற ஆத்தையே அது மேல வரைஞ்சு விட்டுட்டாங்க.

பாப்பாகிட்ட இதையும் சொல்லுங்க, அது ஒரு கல்லறையில கிடைச்சப்ப மூணு கால் உடைஞ்சிருந்துச்சு. தவறி உடைஞ்சதில்ல, வேணும்னே உடைச்சது, செத்தவரை மறு உலகத்துல நீர்யானை துரத்திடக் கூடாதுன்னு. இப்ப நீங்க பார்க்கற அந்த மூணு காலும் பிற்பாடு ஒட்ட வச்சது.

கே: பழைய முத்து, பவள மாலையை எலுமிச்சம்பழம் புளி போட்டு தேய்ச்சா பளிச்சுன்னு ஆகுமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ப: வேண்டவே வேண்டாம். பித்தளைக்குப் புளி சரி. முத்து, பவளம், சங்கு எல்லாம் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டா அரிக்கும், போன மெருகு திரும்பி வராது. லாபிஸ் லாசுலி நீலக்கல்லுலயும் சுண்ணாம்பு கலந்திருக்கு, அதுக்கும் ஆகாது. ஈரத்துணியில மெதுவா துடைச்சு நிழல்ல காய வைங்க. ஒட்ட வேண்டியிருந்தாலும் கண்ட பசையைத் தொடாதீங்க. 2014ல எகிப்து ராஜா துத்தன்காமூனோட தங்க முகமூடியில தாடி கழண்டு வந்துடுச்சு, 10 கிலோ தங்கம், உலகத்துக்கே தெரிஞ்ச பொருள், அதை அவசர அவசரமா எபாக்சிங்கற கெட்டிப் பசை போட்டு ஒட்டி வச்சாங்க. அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுத்து, 2015ல பழைய முறைப்படி தேன்மெழுகு வச்சு திரும்ப ஒட்ட வேண்டியதாப் போச்சு.

கே: இந்த வேலை தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்களா? நேர்ல எங்க பார்க்கலாம்? (மறுபடி சென்னை மாணவர், ரெண்டாவது கடிதம்)

ப: இருக்காங்க தம்பி, குஜராத்துல கம்பாத்ல. நான் ஒரு தடவை போயிருக்கேன். குறுகலான சந்து, திண்ணை மாதிரி ஒரு எடம், ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உக்காந்து வில் டிரில் ஓட்டிக்கிட்டு இருந்தார். முனையில ரெண்டு குட்டி வைரச் சில்லு பதிச்சிருந்துச்சு. வைரம் வந்தப்பறம் வேலை எவ்வளவோ சுளுவாயிடுச்சு, நம்ம நாட்டுல கிறிஸ்து பிறக்கறதுக்கு முன்னாடியே அது வந்துடுச்சு. அவர் மணியைப் பார்க்கவே இல்ல, காதைச் சாய்ச்சுக்கிட்டு சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தார். சத்தம் மாறின உடனே நிறுத்தி மணியைத் திருப்பி வச்சார்.

ஆனா அந்தச் சந்துல இன்னொண்ணும் பார்த்தேன், இருமல். கல்லைத் தேய்க்கும்போது பறக்கற தூசி நுரையீரல்ல போய் உக்காந்துக்கும், சிலிகோசிஸ், வந்தா போகாது. இப்ப மோட்டார்ல தேய்க்கறதால தூசி கையில தேய்ச்ச காலத்தை விட நெறைய கிளம்புது. தண்ணி விட்டுத் தேய்ச்சா, தூசியை இழுக்கற ஃபேன் வச்சா குறையும், ஆனா ஒரு மணி தேய்ச்சுக் கொடுத்தா கொஞ்சம் பைசான்னு கூலி வாங்கறவர் ஃபேனுக்கு எங்க போவார். நூறு ரூபாய்க்கு மாலை கேட்டு பேரம் பேசற நாமளும் இதுல சேர்த்திதான், நானும் அன்னைக்கு பேரம் பேசினேன், இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு. வாங்கறதா இருந்தா தண்ணி விட்டுத் தேய்க்கறாங்களான்னு கேட்டு வாங்குங்க, கேக்கறவங்க சேர்ந்தாத்தான் பட்டறைக்காரர் யோசிப்பார்.

அவ்வளவு தூரம் போக முடியலைன்னா கீழடி அருங்காட்சியகம் போங்க, 2023ல திறந்தாங்க. அங்க மணிகள் இருக்கு, சூதுபவளமும் இருக்கு. பஸ் ஏறும்போதே லென்ஸை பையில எடுத்து வச்சுக்கோங்க. கண்ணாடிப் பெட்டிக்கு நேரா நின்னா மணியோட வயிறுதான் தெரியும், ஓரமா போய் கொஞ்சம் குனிஞ்சு நின்னீங்கன்னா ஓட்டை தெரியும்.